கையெழுத்துப் போட்ட அன்றைக்கு…

“இதிலே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா” என்று நர்ஸ் காகிதத்தை நீட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. 2024 ஆவணி மாதம் அது.

இவருக்கு முன்பே மாரடைப்பு வந்து இருதயம் பலவீனமாகியிருந்தது. இரண்டு தரம் மயங்கியும் விழுந்தார். துடிப்பு தாறுமாறானால் உள்ளேயே ஷாக் கொடுத்துச் சரி செய்யும் டிஃபிப்ரிலேட்டர் வைக்கவேண்டும் என்றார் டாக்டர். 1980-ல் அமெரிக்காவில், பால்டிமோரில் முதன்முதலாக ஒருவருக்கு வைத்த கருவி. இன்றைக்கு உள்ளங்கையில் அடங்குகிறது.

அதன் கம்பியை வழக்கமாக வலது கீழறையின் நுனியில் பொருத்துவார்களாம். அங்கிருந்தே சதா துடிப்பை மூட்டினால் மின்சாரம் சதை வழியாக ஊர்ந்து, இரண்டு பக்கமும் சேர்ந்து துடிக்காமல், இருதயம் இன்னும் தளரலாம். இவருக்கோ இடது பக்கத்துப் பாதை ஏற்கெனவே பழுது.

“வீட்டுக்கு வயரிங் மாதிரி இருதயத்துக்கும் உண்டும்மா. தவாரான்னு ஒரு ஜப்பானியர் 1906-லேயே கண்டு எழுதிட்டார். நடுச்சுவருக்குள்ளே ஆழமாத் திருகி, அந்த இடது லைன் பக்கத்திலேயே கம்பியை வைக்கப் பார்க்கிறேன். பிடிக்கலேன்னா பழைய இடம்தான்.”

பேஸ்மேக்கர் கம்பியை அங்கே வைப்பதையே 2017-ல்தான் சீன டாக்டர்கள் அறிவித்தார்கள். ஷாக் கம்பி அதைவிடப் புதுசு. ‘நாங்கள்தானா கிடைத்தோம்’ என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆனால் நர்ஸ் நீட்டிய காகிதம் வேறொன்றுக்கு. புது இடத்திலிருந்து ஷாக் வேலை செய்கிறதா என்று பார்க்க, மயக்க மருந்து கொடுத்து, வேண்டுமென்றே துடிப்பைத் தாறுமாறாக்குவார்களாம்! கருவி நிறுத்தாவிட்டால்? “வெளியிலேர்ந்து ஷாக் கொடுக்கிற மெஷின் பக்கத்திலேயே தயாரா இருக்கும்மா.”

“போடுடி, ஷாக் எனக்குத்தானே!” என்று சிரித்தார் இவர். போட்டேன்.

மூன்று மணி நேரம். நாத்தனார் வாங்கி வந்த காபி ஏடு படிந்து ஆறிப்போயிற்று. மூன்றாவது இடத்தில்தான் கம்பி பிடித்ததாம். சோதனையில் முதல் ஷாக்கிலேயே துடிப்பு ஒழுங்காகிவிட்டது.

ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது. செல்போன் சட்டைப் பையில் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கவேண்டும். (சமையலறைப் பக்கம் வராமலிருக்க நல்ல சாக்கு!) ஒரு ஷாக் வந்து, உடம்பு சாதாரணமாக இருந்தால் டாக்டருக்குப் போன், அடுத்தடுத்து வந்தாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் மட்டும் கீழே பாய் விரித்துப் படுத்தேன். தையல் பார்க்கப் போனபோது கூச்சத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்: “பக்கத்திலே படுத்திருக்கறப்போ ஷாக் அடிச்சா?”

“தொட்டுக்கிட்டிருந்தா லேசா சுருக்குன்னு இருக்கலாம். உங்களுக்கு ஆபத்தில்லேம்மா.”

அன்று ராத்திரி பாயைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.