டயகமவில் மார்கழி (பகுதி 3)

ரொறன்ரோவில் டிசம்பர் லீவு விட்டால் அக்கம்பக்கத்தார் கியூபா, மெக்சிக்கோ என்று வெயில் தேடிப் பறப்பார்கள். நாங்களோ வெயிலைக் கொழும்போடு விட்டுவிட்டு, இலங்கையிலேயே குளிரான ஒரு மூலைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். என் கணவர் பிறந்த இடம் டயகம. யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கு மலைநாடு என்றால் அதுவரை நுவரெலியா வாவியும் ஸ்ட்ரோபெரியும்தான்.

பதுளை ரயிலில் ஹட்டன் தாண்டி, சிங்கமலைச் சுரங்கத்துக்குள் எல்லோரும் ஒருமுறை கத்தி ஓய்ந்து, கொட்டகலையும் போய், தலவாக்கலையில் இறங்கினோம். கமராவும் கையுமாக வந்தவர்கள் எல்லாம் எல்ல வரை போகிறார்கள். லிந்துலை, ஹோல்புரூக், அக்கரப்பத்தனை என்று பஸ் வளைந்து வளைந்து ஏறியது. உள்ளே மாமூட்டைகள், ஒரு கட்டுக் கூரைத்தகரம், கொழும்புக் கடைகளில் இருந்து லீவில் திரும்பும் பொடியன்கள். ஆக்ரா ஓயா பக்கத்திலேயே வந்தது. ஹோட்டன் சமவெளியில் ஊறி, கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் சேர்ந்து, கடைசியில் திருகோணமலைக் கடலைத் தொடுகிற தண்ணீர் இது. எங்கள் கிழக்குக் கரைக்கு இங்கேயிருந்துதான் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் எவரும் சொன்னதாக நினைவில்லை.

இவருடைய சித்தி இன்னும் தேயிலைத் தோட்ட லயத்தில்தான் இருக்கிறார். முன்னால் இஸ்தோப்பு, உள்ளே பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, பின்னால் புகை படிந்த குசினி. கனடாக் குளிரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடலாம். காசு கட்டினால் ஹீட்டர் ஓடும். இங்கே உள்ளும் வெளியும் ஒரே குளிர். நடுச்சாமத்தில் கூரைத்தகரத்தின் உட்பக்கம் வியர்த்து, துளி துளியாகப் போர்வையில் விழுந்தது. மைனஸ் இருபதுக்கென்று வாங்கிய ஜாக்கெட்டோடு படுத்திருந்த என்னைப் பார்த்துச் சித்திக்கு ஒரே சிரிப்பு.

"என்னா புள்ள, பனி தேசத்துல இருந்து வந்துட்டு இப்படி நடுங்குறீங்க?"

விடிய முன்னமே மார்கழி பஜனை லயத்தைச் சுற்றி வந்தது. ஆர்மோனியம் ஒன்று, ஜால்ரா இரண்டு, கம்பளித் தொப்பி போட்ட சிறுவர்கள். இஸ்தோப்பில் கோலம் போட்டு விளக்கேற்றிச் சித்தி காத்திருந்தார். பஜனை அடுத்த லயத்துக்குத் திரும்பியதும், விளக்கை உள்ளே வைத்துவிட்டுக் கூடையை எடுத்தார். பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, நேரமாகிவிட்டது.

நாங்களும் அவர் பின்னால் மலைக்குப் போனோம். மேட்டில் செடிகள் பச்சையாக இருக்க, பள்ளத்தில் மட்டும் உப்புத் தூவியதுபோல் வெள்ளை. துகள் உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலத்தின் சூடு மேலே போய்விடுகிறது. கனமான குளிர்காற்று வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. நான் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன். சித்தி ஒரு கொழுந்தைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். விளிம்பு கண்ணாடிபோல விறைத்திருந்தது.

"வெயில் ஏறட்டும், பாருங்க."

பத்து மணிக்குள் அதே செடிகளில் நுனி பழுத்துக் கபில நிறமாகிவிட்டது. இரண்டு நாளில் கருகிவிடுமாம். புதுக் கொழுந்து வர வாரக்கணக்கில் ஆகும். 2024 செப்டம்பரில் நாட்கூலி 1,350 ரூபாவாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் முழுப்பேர், அதாவது முழு நாட்கூலி, விழுவதற்குத் தோட்டம் கேட்கும் கிலோ கூடையில் இருக்கவேண்டும். கருகிய மலையில் அது எங்கேயிருந்து வரும்? குறைந்தால் அரைப்பேர். கொழும்புப் பத்திரிகைகள் 'குட்டி இங்கிலாந்தில் உறைபனி' என்று படத்தோடு போடுவது இதைத்தான். நானும் அதே படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

தேத்தண்ணி நேரத்தில் தேங்காய் ரொட்டியைப் பிய்த்தபடி சித்தி இவரிடம் கேட்டார்: "அங்க பனி கொட்டுனா வேலைக்கு எப்படித் தம்பி போவீங்க?"

"ரொம்பக் கொட்டுச்சுன்னா ஆபீஸ் மூடிருவாங்க சித்தி. வீட்டுலயே இருக்கலாம்."

"சம்பளம்?"

"எங்க ஆபீஸ்ல வந்துரும்."

சித்தி சம்பலைத் தொட்டு ஒரு வாய் போட்டுக்கொண்டார். "அப்ப அது நல்ல குளிருதான்."

மத்தியான பஸ்ஸில் தலவாக்கலைக்கு இறங்கி, மறுபடி ரயில் பிடித்தோம். பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளிக்கு ஏறியது அடுத்த வாரம்.