ஆய்வுக் கட்டுரைக்கு முன் ஒரு நேரக் குறிப்பேடு



ஷவ்வாலில் தொடங்கி ஷஅபானில் நிறைவுறும் கல்வியாண்டில், இறுதி வகுப்பினர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி ஒப்படைக்க வேண்டும் என்பது நமது மதரஸாவின் நடைமுறை. தலைப்புக் கேட்டு வருவோரிடம், தலைப்புக்கு முன்னதாக நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுக்கிறோம். தேதி, வக்து, செய்ய நினைத்தது, செய்தது, எடுத்த நிமிடங்கள், அடுத்து என்ன என அதில் ஆறு கட்டங்கள். "கட்டுரைக்குத்தானே உஸ்தாத் மதிப்பெண், இது எதற்கு?" என்று கேட்காத பிள்ளை அரிது. பெற்றோரும் கேட்கின்றனர். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

இது புதிதாக வந்த பழக்கமன்று. ஹதீஸ் நூல்களின் பழைய கையெழுத்துப் பிரதிகளில் 'ஸமாஉ' எனும் குறிப்புகளைக் காணலாம். எந்த ஷைகின் முன்னிலையில் நூல் வாசிக்கப்பட்டது, வாசித்தவர் யார், செவியுற்றோர் யார் யார், எந்நாளில், எவ்விடத்தில் என்பன அவற்றில் பதியப்பட்டிருக்கும். தாமதமாக வந்தவர் எப்பகுதியைத் தவறவிட்டார் என்பதையும் சிலர் விடாமல் எழுதி வைத்தனர். கேளாததைக் கேட்டதாக உரிமை கொண்டாடிவிடக் கூடாதே என்ற அச்சம் அது.

கடந்த ஆண்டு ஒரு மாணவி, சீறாப்புராணத்தில் பயின்று வரும் அரபுச் சொற்களை ஆராய விரும்பினார். உமறுப் புலவரின் அக்காப்பியம் மூன்று காண்டங்களும் 5027 விருத்தங்களும் கொண்டது. நாளொன்றுக்கு ஐம்பது பாடல் வாசித்தால் நூறு நாளில் முடியும் என்பது அவருடைய கணக்கு. ஒரு வாரம் குறிப்பேடு எழுதிய பின், 'செய்தது' என்ற கட்டத்தைக் கூட்டிப் பார்த்தோம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு பாடல்தான். பாடலைப் படித்து, பொருள் உணர்ந்து, சொல்லைத் தனித் தாளில் எடுத்தெழுதி, அகராதியில் மூலத்தைச் சரிபார்க்க அத்தனை நேரம் பிடித்தது. அந்த வேகத்தில் நூல் முழுமைக்கும் நானூறு நாள்களுக்கு மேல் வேண்டும். கையிலிருந்தவையோ ஐந்து மாதங்கள். பிள்ளையின் கண்கள் கலங்கிவிட்டன. விலாதத்துக் காண்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அன்றே முடிவு செய்தோம். இதே கணக்கு ரஜபு மாதத்தில் தெரிய வந்திருந்தால், யாரோ எழுதியதைப் பெயர்த்தெழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்திராது. பிறர் எழுத்தைத் தமதென்று ஒப்படைப்பது அமானத்துக்குச் செய்யும் துரோகம் என்று வகுப்பில் சொல்வது எளிது. அந்நிலைக்குப் பிள்ளையைத் தள்ளாமல் காப்பதும் ஆசிரியரின் பொறுப்பல்லவா?

அந்த நோட்டு மற்றொன்றையும் காட்டியது. அஸருக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு வரிகூட இல்லை. தம்பிமாருக்கு ஓதிக்கொடுப்பது, இரவு உணவுக்கு மாவு பிசைவது, வந்த விருந்தினருக்குத் தேநீர் வைப்பது என அவ்வேளை முழுதும் கரைந்திருந்தது. இஷாவுக்குப் பின் உறக்கக் கலக்கத்தில்தான் ஆய்வு. நாம் எவரையும் குறை கூறவில்லை. உம்மாவிடம் நோட்டைக் காட்டுமாறு மட்டும் சொன்னோம். மறுவாரத்திலிருந்து தம்பிமாரை ஓத வைக்கும் வேலை மூத்த மகனிடம் போயிற்று. மஃரிபுக்குப் பின் ஐம்பது நிமிடங்கள் பிள்ளைக்குக் கிடைத்தன. உறவினர் வீட்டு நிக்காஹ் வந்த வாரத்தில் மட்டும் அக்கட்டங்கள் மீண்டும் வெறுமையாயின. இருக்கட்டும், அதுவும் குறிப்புதான்.

கடிகார நேரத்தைக் காட்டிலும் வக்தைக் குறிப்பது நம் பிள்ளைகளுக்கு எளிதாகிறது. தொழுகை நாளை ஏற்கெனவே ஐந்தாகப் பகுத்துத் தந்துவிட்டது. 'பஜ்ருக்குப் பின், முப்பத்தைந்து நிமிடம், இரண்டு ஹதீஸ்களுக்குத் தக்ரீஜ், ஒன்று கிடைக்கவில்லை' என்றால் போதுமானது. 'படித்தேன்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் நாம் ஏற்பதில்லை. எதை, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை? ஆறு கட்டங்களிலும் நாம் பெரிதாக மதிப்பது கடைசியானதையே. 'அடுத்து என்ன' என்பதை எழுதிவிட்டு எழுந்தவர், மறுநாள் எங்கே தொடங்குவதென்று கால்மணி நேரம் விழித்துக்கொண்டிருப்பதில்லை.

நாள்தோறும் ஒரே பேனா, ஒரே கையெழுத்துச் சாய்வு, தவறாமல் அறுபது நிமிடம் என்று ஒரு மாணவர் நோட்டைக் கொண்டு வந்தார். ஒரே இரவில் நிரப்பியது பார்த்ததும் விளங்கிற்று. தனியே அழைத்து, "தம்பி, வெறும் கட்டத்துக்கு நாம் மதிப்பெண் குறைப்பதில்லை" என்றோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, அஸர் முதல் இரவு பத்து மணி வரை வாப்பாவின் கடையில் நிற்பதாகச் சொன்னார். புதிய நோட்டு கொடுத்தோம். அதன் முதல் வாரத்தில் இரண்டே பதிவுகள், இரண்டும் வெள்ளிக்கிழமையில். அவற்றை வைத்தே அவருடைய தலைப்பைச் சுருக்கினோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நோட்டைப் பாருங்கள், ஆனால் வெறும் கட்டங்களைச் சுட்டிப் பிள்ளையை ஏசிவிடாதீர்கள். ஏச்சு விழுந்த வீட்டுப் பிள்ளைகளின் நோட்டுகள் மறுவாரமே அழகாக நிரம்பிவிடுகின்றன. அந்த அழகு நமக்கு எவ்விதத்திலும் பயன்படுவதில்லை. இவ்வாண்டுக்கான நோட்டுகள், இன்ஷா அல்லாஹ், ஷவ்வால் இறுதி வாரத்தில் வழங்கப்படும்.