முகத்தில் ஊரும் எறும்பு

பிரெஞ்சில் 'ஃபுர்மி' என்றால் எறும்பு. அதிலிருந்து வந்ததுதான் 'ஃபுர்மீய்மான்', உடம்பில் எறும்பு ஊர்கிற உணர்ச்சி. நாமும் அப்படித்தானே சொல்கிறோம்!

புதுவையில் எங்கள் பழைய வீட்டு நிலை குட்டை. போன மாதம் கரண்ட் போன இருட்டில் வலது புருவத்துக்கு மேலே இடித்தது. வீக்கம் நாலு நாளில் வடிந்தது. எறும்பு மட்டும் போகவில்லை. புருவத்திலிருந்து உச்சந்தலை வரை ஊர்ந்தது. சீப்பு பட்டால் சுரீர் என்றது. "என்னங்க, வாய் கோணுதா?" என்று வீட்டுக்காரி முகத்தையே பார்ப்பாள். அவள் அப்பா பக்கவாதத்தில் போனவர்.

டாக்டர் சிரிக்கச் சொன்னார், இரு கையையும் தூக்கச் சொன்னார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதால் ஸ்கேனும் எடுத்தார். கசிவு இல்லை. கண்குழியின் மேல்விளிம்பில் வெளிவரும் நரம்பு ஒன்று உச்சந்தலை வரை போகிறதாம், அடி அதன்மேல். அறுந்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளருமாம். (எங்கள் ஆபீஸ் ஃபைல் நகர்ந்த வேகம்!) ஆனாலும் வயதானவர்களுக்குச் சில வாரம் கழித்தும் மண்டைக்குள் ரத்தம் சேரலாம்; தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், அசதித் தூக்கம் வந்தால் ராத்திரியானாலும் வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாள் இப்போது காலண்டரில் தொங்குகிறது. காலையில் காபி கொடுக்குமுன், "சிரிங்க பார்ப்போம்" என்கிறாள்.