பேரீச்ச மரத்தடியில் அழும் பெண்



பூவா தலையா போடும்போது நாம் காசின் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறோம். பழைய ரோமாபுரிக் காசில் தலைப் பக்கத்தை விட மறுபக்கம்தான் அதிகம் பேசும். வரலாறு டீச்சர் அப்படி ஒரு காசின் படத்தைக் காட்டினாங்க. அதில் ஒரு பெண் தலையைக் கையில் தாங்கி அழுதுகொண்டிருக்கிறாள்.

அது கி.பி. 71-ல் பேரரசர் வெஸ்பாசியன் அடித்த செஸ்டர்டியஸ் காசு. வெண்கலக் காசு என்று பொதுவாகச் சொன்னாலும், செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. எடை சுமார் 25 கிராம். இதுபோல் 4 காசு சேர்ந்தால் ஒரு வெள்ளி தினாரியஸ்.

முன்பக்கம் இலைமாலை சூடிய பேரரசர் தலை. பின்பக்கம் நடுவில் பேரீச்ச மரம். ஒரு புறம் ஈட்டியோடு வெற்றி வீரன் நிமிர்ந்து நிற்கிறான். மறுபுறம் அந்தப் பெண். சுற்றிலும் 'யூதேயா பிடிபட்டது' என்று லத்தீனில் எழுத்து. கி.பி. 70-ல் அவர் மகன் டைட்டஸ் ஜெருசலேமைப் பிடித்தார். யூதர்களின் கோயில் எரிந்துபோனது. அந்த நாட்டைத்தான் பெண்ணாகக் காட்டியிருக்கிறார்கள்.

அப்போ டி.வி. கிடையாது, அச்சடிச்ச பேப்பர் கிடையாது. காசுதான் ஊர் ஊராகப் போய் 'நாங்க ஜெயிச்சோம்' என்று சொன்னது. டைட்டஸ் பெயரில் யூதர்களின் நாட்டிலேயே இதே செய்தியோடு கிரேக்க எழுத்தில் வெண்கலக் காசு அடித்தார்கள். சந்தைக்குப் போகிற ஒரு யூதத் தாய் தன் தோல்வியைத் தானே எண்ணிக் கொடுக்கணும். இது போதாதென்று ஆளுக்கு ஆண்டுக்கு 2 திராக்மா வரி வேறு. பெண்களும் குழந்தைகளும் கூடக் கட்டணும்.

கி.பி. 132-ல் யூதர்கள் மறுபடியும் எழுந்தார்கள். கையில் கிடைத்த ரோமக் காசுகளின் மேலேயே தங்கள் முத்திரையை அடித்தார்கள். பேரரசர் முகம் மறைந்தது. பல வெண்கலக் காசுகளில் வந்தது அதே பேரீச்ச மரம். ஆனால் கீழே அழும் பெண் இல்லை! 135-ல் ரோமப்படை அவர்களை அடக்கிவிட்டது. காசு மட்டும் மிஞ்சியது.

ரோமர்களுக்கு வெற்றித் தெய்வமும் பெண்தான், பெயர் விக்டோரியா. ஜெயிச்சாலும் பொண்ணு படம், தோத்தாலும் பொண்ணு படம். ஆனா சண்டை போடலாமான்னு எந்தப் பொண்ணையாவது கேட்டிருப்பாங்களா?

இனி பழைய காசைப் பார்த்தால் நிற்பவரை மட்டும் பார்க்காதீர்கள். கீழே உட்கார்ந்திருப்பவர் யார் என்றும் பாருங்கள் தோழிகளே!

– 9-ஆம் வகுப்பு மாணவி