காற்று மெலிந்த மலையில் ஒரே ஒரு தோட்டா! - பாமீரில் வேட்டைக்கு முந்தைய நாள்

13-ம் நூற்றாண்டில் பாமீர் மலைகளைக் கடந்துபோன மார்க்கோ போலோ, ஒரு வினோதத்தைக் கவனித்தார். அங்கே மூட்டிய தீ பிரகாசமாக எரியவில்லை. சாப்பாடும் சரியாக வேகவில்லை. எல்லாம் குளிரால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையான காரணம் வேறு. அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும். தீக்குத் தேவையான ஆக்சிஜன் குறைகிறது. தண்ணீரும் 100 டிகிரியை எட்டுவதற்கு முன்பே கொதித்துவிடுவதால், சாப்பாடு வேக நேரமாகிறது.

அதே பயணத்தில் அவர் பிரமாண்டமான கொம்புகள் கொண்ட காட்டு ஆடுகளைப் பற்றியும் சொன்னார். அந்தக் கொம்புகளில் மேய்ப்பர்கள் கிண்ணம் செய்கிறார்கள், பட்டிக்கு வேலி போடுகிறார்கள் என்றார். பல நூற்றாண்டுகள் கழித்து, 1838-ல் பாமீருக்குப் போன ஜான் வுட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்தக் கொம்புகளைக் கொண்டுவந்தார். அவற்றை ஆராய்ந்த எட்வர்ட் பிளைத், 1841-ல் அந்த ஆட்டுக்கு மார்க்கோ போலோவின் பெயரையே வைத்தார்.

இன்றும் அந்த ஆட்டைத் தேடி வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் தஜிகிஸ்தானுக்கு வருகிறார்கள். அன்று மார்க்கோ போலோவின் அடுப்பைத் திணறவைத்த அதே மெல்லிய காற்று, இன்று அவர்களின் துப்பாக்கிக் குறியோடு விளையாடுகிறது.

லே நகரத்தைவிடக் கொஞ்சம் உயரம்

தஜிகிஸ்தானின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது முர்காப். கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர். நம் லடாக்கின் லே நகரத்தைவிடச் சற்று உயரம். கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்திலிருந்து பாமீர் நெடுஞ்சாலையில் வந்தால், வழியில் கராகுல் ஏரி வரும். அதைத் தாண்டி 4,655 மீட்டர் உயரமுள்ள அக்-பைட்டல் கணவாயில் ஏறி இறங்க வேண்டும். மரமே இல்லாத ஊர். வீடுகளில் அடுப்பெரிக்க யாக் சாண வறட்டியும், டெரெஸ்கென் என்ற குட்டைச் செடியின் வேரும்தான் பல காலமாகக் கைகொடுத்து வருகின்றன. இங்கே அதிகம் வாழ்பவர்கள் கிர்கிஸ் மக்கள்.

வேட்டை நடப்பது பெரும்பாலும் குளிர்காலத்தில். பனி படரும்போது ஆடுகள் கீழ்ச்சரிவுகளுக்கு இறங்கிவரும். அப்போது வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி, 30 டிகிரி என்று போகும். வளர்ந்த கிடா 100 கிலோவைத் தாண்டும். வளைவோடு சேர்த்து அளந்தால் அதன் கொம்பு ஒன்றரை மீட்டர்கூட இருக்கும். சுற்றிலும் திறந்தவெளி என்பதால் வெகுதொலைவிலேயே ஆளைப் பார்த்துவிடும். பக்கத்தில் போய்ச் சுடும் வாய்ப்பு அபூர்வம். 300, 400 மீட்டர் என்பதெல்லாம் இங்கே சாதாரணம்.

முதல் வேலை அட்டைப்பெட்டிதான்!

முகாமுக்கு வந்து சேர்ந்ததும் ஆடு தேட யாரும் கிளம்புவதில்லை. ஒரு அட்டைப்பெட்டியில் வட்டம் வரைந்து, பின்னால் மண்சரிவு இருக்கும் இடமாகப் பார்த்து வைக்கிறார்கள். வேட்டைக்காரர் அதைக் குறிவைத்துச் சுட்டுக் காட்ட வேண்டும்.

இதற்குப் பெயர் 'ஜீரோ' பார்ப்பது. ரைஃபிளின் மேல் இருக்கும் ஸ்கோப் வழியாகப் பார்க்கும் பார்வை நேர்க்கோட்டில் போகும். தோட்டா அப்படிப் போகாது. புவியீர்ப்பால் கீழே இறங்கிக்கொண்டே போகும். இரண்டும் குறிப்பிட்ட ஒரு தூரத்தில் சந்திக்கும்படி ஸ்கோப்பின் திருகைத் திருப்பி வைப்பார்கள். பல ஸ்கோப்களில் ஒரு 'க்ளிக்' திருப்பினால், 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மாறும். 400 மீட்டரில் அதுவே நான்கு சென்டிமீட்டர்.

ஊரில் கச்சிதமாக ஜீரோ பார்த்த துப்பாக்கியை இங்கே ஏன் மறுபடி சோதிக்க வேண்டும்? முதல் காரணம் பயணம். ரைஃபிள் பூட்டிய பெட்டியில் விமானத்தின் சரக்கறையில் வருகிறது. தோட்டாக்கள் தனியாக. ஒரு பயணிக்கு 5 கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை. பிறகு குண்டும் குழியுமான மலைச்சாலையில் ஜீப் பயணம். அந்தக் குலுக்கலில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ ஒன்று இம்மியளவு இளகினாலே போதும், குறி தப்பிவிடும். இதற்கு அனுபவசாலிகள் வைத்திருக்கும் வழி ரொம்ப எளிது. ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது காரணம் காற்று. 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். தடுக்கும் காற்று குறைவதால் தோட்டாவின் வேகம் அவ்வளவாகக் குறையாது. அதனால் கீழே இறங்குவதும் குறையும். ஊரில் நடுவில் பட்ட தோட்டா, இங்கே தொலைதூரத்தில் சற்று மேலே படும்.

மூன்றாவது, குளிர். கடுங்குளிரில் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தின் வேகம் குறையலாம். அப்போது குறி கீழே இறங்கும். காற்று மேலே தூக்க, குளிர் கீழே இழுக்க, கடைசியில் எது ஜெயிக்கும்? செல்போன் ஆப் ஒரு கணக்குச் சொல்லும். ஆனால், அந்தத் துப்பாக்கி அந்தத் தோட்டாவோடு அந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அட்டைப்பெட்டிதான் சொல்லும்.

அதிலும் முதல் தோட்டாதான் முக்கியம். பல தோட்டாக்கள் சுட்டுச் சூடான பேரலும், ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த பேரலும் எப்போதும் ஒரே இடத்தில் சுடுவதில்லை. மலைமேல் சுடப்போவது குளிர்ந்த பேரலில்தான். அதனால் சோதனையிலும் பேரல் ஆறும்வரை காத்திருந்து சுடுகிறார்கள்.

துப்பாக்கிக்கு வீட்டுக்குள் இடமில்லை

ராத்திரி அடுப்பு எரியும் அறைக்குள் எல்லோரும் உப்புப் போட்ட பால் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். துப்பாக்கி மட்டும் வெளியே, குளிர்ந்த முன்னறையில், தோட்டா இல்லாமல் பூட்டிக் கிடக்கும்.

குளிர்ந்த பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் அதன்மேல் நீர் பூக்குமே, அதே கதைதான் இங்கும். உறைந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸிலும், உள் பாகங்களிலும் நீர் கோத்துக்கொள்ளும். காலையில் வெளியே எடுத்தால் அது பனிக்கட்டியாகிவிடும். ஸ்கோப்பின் உட்புறத்தில் நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பதால் உள்ளே மூடுபனி படராது. ஆனால், வெளி லென்ஸில் படிவதை அது தடுக்காது. மூச்சுக்காற்று பட்டால்கூட லென்ஸ் உறைந்துபோகும்.

வழக்கமாகப் போடும் எண்ணெயும் இங்கே எதிரி. குளிரில் அது பசைபோல் கெட்டியாகி, விசையை இழுத்தாலும் ஊசி மந்தமாக விழும். எனவே எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தெடுத்து, தேவையான இடத்தில் மட்டும் கிராஃபைட் பொடி போடுகிறார்கள். குழல் முனையில் பனி புகாமல் இருக்க ஒரு துண்டு டேப். சுடும்போது தோட்டாவுக்கு முன்னால் வரும் காற்றே அதைத் தள்ளிவிடும்.

சரிவில் ஏமாற்றும் கணக்கு

மலையில் இன்னொரு பொறியும் உண்டு. எதிர்ச்சரிவில் நிற்கும் கிடா 400 மீட்டர் தூரம் என்று தூரமானி காட்டுகிறது. ஆனால், பார்வை 30 டிகிரி சாய்வாகப் போகிறது என்றால், தோட்டா இறங்கும் கணக்குக்குப் படுக்கைவாட்டு தூரமான 346 மீட்டரைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே பார்த்துச் சுட்டாலும் சரி, கீழே பார்த்துச் சுட்டாலும் சரி. இதை மறந்து 400-க்குத் திருகினால், தோட்டா முதுகுக்கு மேலே பறந்துவிடும் அல்லது முதுகைக் கிழித்துவிடும்.

முதலாவது நடந்தால் அவமானம். இரண்டாவது நடந்தால் பாவம். காயம்பட்ட கிடா ஓடி, யாருக்கும் எட்டாத பாறை இடுக்கில் அணு அணுவாகச் சாகும். அதனால்தான் பல முகாம்களில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ரத்தம் சிந்திவிட்டால், கிடா கையில் கிடைக்காவிட்டாலும் கணக்கு முடிந்தது. பல்லாயிரம் டாலர் கட்டி வாங்கிய அனுமதி அதோடு காலி.

ஆட்டைக் காப்பாற்ற ஆட்டைச் சுடுவதா?

இந்தக் கேள்வி நியாயமானது. நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை போட்டுவிட்டது. தஜிகிஸ்தானின் கதை வேறு மாதிரி. 1992 முதல் 1997 வரை நடந்த உள்நாட்டுப் போரில் உணவு லாரிகள் வருவது குறைந்தது. பசியில் மக்கள் ஆடுகளை இறைச்சிக்காகச் சுட்டார்கள். இன்று அனுமதியோடு நடக்கும் வேட்டையின் பணம், காவலர்களுக்குச் சம்பளமாகவும் உள்ளூர்க்காரர்களுக்கு வேலையாகவும் போகும் இடங்களில், உயிரோடு நிற்கும் ஆட்டுக்கு ஒரு மதிப்பு வந்திருக்கிறது. ஆடு பெருகினால், அதைத் தின்று வாழும் பனிச்சிறுத்தைக்கும் இரை. பணம் சரியாகப் போய்ச் சேராத இடங்களில் இந்த வாதம் நிற்காது. ஒரு விலங்கின் உயிருக்கு விலை வைப்பதே தவறு என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பதில் போதாதுதான்.

கடைசிச் சோதனை

எல்லாம் சரியாக இருந்தாலும் மிஞ்சுவது மனித உடம்பு. இந்த உயரத்தில் இருபது அடி நடந்தாலே நெஞ்சு படபடக்கும். மூச்சு இரைக்கும்போது ஸ்கோப்பின் குறுக்குக்கோடு கிடாவின் மேல் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். முதுகுப்பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்து, மூச்சு அடங்கக் காத்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் உள்ளூர் வழிகாட்டி, பெரிய தொலைநோக்கியில் கிடாவின் கொம்பு வளையங்களை எண்ணி அதன் வயதைக் கணித்துக்கொண்டிருப்பார். வயதான கிடா என்றால்தான் தலையசைப்பார். அவர் தலையசைத்த பிறகும், காற்று திசை மாறிவிட்டது, கை நடுங்குகிறது, தூரம் அதிகம் என்று தோன்றினால், விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும்.

அட்டைப்பெட்டியில் சுட்டுப் பார்ப்பதன் பெரிய பயனே அதுதான். தன்னால் எந்தத் தூரம் வரை முடியும் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் எதுவரை முடியாது என்பதும்தான். அதை ஒப்புக்கொண்டு இறங்கிவரும் வேட்டைக்காரருக்கு வழிகாட்டி தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார். மேலே சரிவில், கிடா பனியைக் குளம்பால் கிளறி, அடியில் இருக்கும் புல்லைத் தேடிக்கொண்டிருக்கிறது.