லோதித் தோட்டமும் என் நிஜாரும்

மகன் வீட்டோடு தில்லிக்கு வந்து தங்கிவிட்ட முதியோர்க்குப் பொழுது விடிந்ததும் எங்கே செல்வது என்பதே பெருங்கவலை. எனக்குப் புகலாக வாய்த்தது லோதித் தோட்டம். 1936-இல் லேடி வில்லிங்டன் பெயரால் திறக்கப்பெற்று, சுதந்திரத்திற்குப் பின் இன்றைய பெயரை எய்திய இடம் அது. 1444-இல் எழுந்த முகம்மது ஷாவின் எண்கோணக் கல்லறையைச் சுற்றி, பெரிய கும்மட்டத்தைக் கடந்து, சிக்கந்தர் லோதி கல்லறையின் மதிலோரமாக நடந்து, அக்பர் காலத்துக் கற்பாலமாகிய அட்புலாவில் சற்று நின்று திரும்புவது என் வழக்கம்.

நான்கு முழ வேட்டி, ரப்பர்ச் செருப்பு: இக்கோலத்திலேயே ஈராண்டுகள் நடந்தேன். "மாமா, நடப்பதற்கென்று ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்களேன்" என்று மருமகள் பலமுறை கூறினாள். 68 வயதில் பள்ளிச் சிறுவனைப் போல நிஜாரும் பூட்ஸுமா என்று நகைத்துவிட்டேன். சென்ற ஆவணியில், மழை ஓய்ந்த ஒரு காலை, அப்பாலத்தின் கல்தளத்தில் செருப்பு வழுக்கிற்று. ஊன்ற முயன்ற மற்றொரு கால் வேட்டியின் ஓரத்தில் சிக்கிற்று. எலும்பு முறியவில்லை. ஆயினும் மூன்று வாரம் பிறர் கையைப் பற்றியே குளியலறைக்குச் சென்றேன். நிஜாரால் போகும் மரியாதை பெரிதா, இவ்வாறு போகும் மரியாதை பெரிதா என்று எண்ணிப் பார்க்கப் படுக்கையில் நிறைய நேரம் கிடைத்தது.

பூட்ஸ் வாங்க மாலையில் செல்லுங்கள். பகலெல்லாம் நடமாடிய பாதம் சற்றே வீங்கியிருக்கும். காலையில் பொருந்தியது மாலையில் கடிக்கும். நடக்கும்போது அணியும் காலுறையையே அணிந்து, நின்றபடி இரு பாதங்களையும் அளக்கச் செய்ய வேண்டும். பலருக்கு இரண்டும் ஒன்றாயிரா. பெரிய பாதத்திற்கே அளவு கொள்க. நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். "போகப் போகத் தளர்ந்துவிடும்" என்று கடைக்காரர் இந்தியில் தேன் சொட்டக் கூறுவார், நம்பாதீர். பூட்ஸைக் கையில் வளைத்துப் பார்த்தால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் அது வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடிவது ஆகாது. குதிகாலைப் பற்றும் பின்புறம் கெட்டியாயிருத்தல் நலம். மெத்தைபோல் அமுங்கும் அடித்தட்டு கடையில் சுகமாயிருக்கும். ஆனால் தரை இருக்குமிடம் காலுக்குத் தெரியாமல் தள்ளாட நேரும். குனிந்து கயிறு கட்ட இயலாதவர்க்கு ஒட்டுப்பட்டை வைத்தவை உள்ளன. நீரிழிவு உடைய அன்பர்கள் அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தல் வேண்டும். உணர்ச்சி குன்றிய பாதம் சிறு கல்லை அறியாது. புண்ணான பின்பே தெரியவரும்.

நிஜாரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முழங்காலளவு நீளம், தொடையில் தளர்ச்சி, இடுப்பில் எலாஸ்டிக்கோடு ஒரு நாடா, சாவி விழாதபடி ஜிப் வைத்த ஆழமான பை, இவை போதும். கனத்த பருத்தி வியர்வையில் நனைந்து தொடையை உராயும். விரைவில் உலரும் மெல்லிய துணியே ஏற்றது. மார்கழி, தைக் குளிருக்கு முழுக்கால் சட்டைதான். புகைமூட்டம் கவிந்த நாட்களில் எதுவும் வேண்டா. வீட்டுக் கூடமே தோட்டம்.

முதல் நாள் நிஜார் அணிந்து மாடிப்படி இறங்கியபோது தலை நிமிரவில்லை. தோட்டத்திலோ ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது சற்று ஏமாற்றமாகவும் இருந்தது!

என் மனைவிதான் இன்னும் தேய்ந்த செருப்போடு, தரையில் புரளும் புடவையுடன் பின்னே வருகிறாள். புடவைக்குப் பூட்ஸா என்கிறாள். கொசுவத்தை இரண்டங்குலம் உயர்த்திக் கட்ட மட்டும் ஒப்பியிருக்கிறாள். ஞாயிறு மாலை கடைக்கு அழைத்திருக்கிறேன். இன்னும் விடை வரவில்லை.