பூட்டான் செல்வோர்க்குச் சில சொற்கள்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டனர். கல்லூரியின் பழைய நாட்களைப் பற்றி எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின், முதுமையிலே நாம் மேற்கொண்ட ஒரு சிறு யாத்திரையைப் பற்றி எழுதத் துணிந்தோம். சென்ற நாடு பூட்டான். கல்லூரியிலே ஒரே வகுப்பிற் கற்று, ஒரே விடுதியில் உண்டு வளர்ந்த நண்பர் ஒருவர் எமக்குத் துணையாக வந்தார். அங்கு நாம் தங்கியவை ஆறு இரவுகளே. அத்துணைக் குறுகிய காலத்திற்கு, முதன்முறையாக அந்நாட்டிற்குச் செல்வோர்க்குப் பயன்படுவன சிலவற்றைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். நாம் செய்த பிழையையும் மறையாது கூறுவோம். பிறர்க்கு மிகுதியும் பயன்படுவது அதுவேயாகலாம்.

பூட்டான், இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே இமயத்தின் மடியிற் கிடக்கும் சிறு இராச்சியம். பரப்பிலே நம் இலங்கையின் பாதிக்குச் சற்று மேற்பட்டது. குடிசனமோ எட்டு இலட்சத்துக்கும் குறைவு. இலங்கையிலிருந்து செல்வோர் கொல்கத்தா, டில்லி, பாங்கொக் முதலிய நகரொன்றிலே விமானம் மாறிப் பாரோ என்னும் பள்ளத்தாக்கில் இறங்குதல் வேண்டும். மலைகளுக்கிடையே வளைந்து நெளிந்து, விமானி தன் கண்ணையே துணையாகக் கொண்டு இறக்கும் நிலையம் அது. மேகமும் காற்றும் இடங்கொடாவிடின் விமானம் தாமதமாகும். ஆதலின், திரும்பும் வழியில் அடுத்த விமானத்திற்கு நேரத்தை நெருக்கி வைத்தல் ஆகாது. இடையிலே ஒரு நாளை விட்டுவைத்தல் நலம். ஒற்றோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிந்திருக்கும். மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களில் மலைச்சாரலெங்கும் பூக்கள் மலரும். யூன் முதல் ஓகத்து வரை பெருமழைக் காலமாதலின் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

நம்மவர் முன்கூட்டியே விசா பெறுதல் அவசியம். அதனோடு, தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் அரசாங்கத்திற்கு ஒரு கட்டணம் செலுத்துதல் வேண்டும். 2022ஆம் ஆண்டில் 200 அமெரிக்க டொலராக இருந்த அக்கட்டணம் 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் 100 டொலராகக் குறைக்கப்பட்டது. விடுதி, உணவு, வாகனம், வழிகாட்டி ஆகியவற்றின் செலவு வேறு. அந்நாட்டு நாணயமாகிய நுல்ட்ரம் இந்திய ரூபாவுக்குச் சம மதிப்புடையது. இந்திய ரூபாவும் அங்கு வழங்குகின்றது.

எமது பிழை பிறந்தது இக்கட்டணத்திலேதான். "ஓர் இரவுக்கு 100 டொலர் கொடுக்கின்றோம், ஒரு நாழிகையையேனும் வீணாக்கலாமா?" என்று எண்ணினோம். புறப்படுமுன்னரே அட்டவணை ஒன்று எழுதினோம். பாரோ, திம்பு, புனாக்கா, நாட்டின் நடுப்பகுதியிலுள்ள பும்தாங் என ஊர்களை அதில் அடுக்கினோம். நண்பரிடம் அதனைக் காட்டியபோது அவர் புன்னகை செய்தாரேயன்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனைச் சம்மதம் என்றே கொண்டோம்.

பாரோவில் இறங்கிய அன்று பிற்பகலே செலே லா என்னும் கணவாய்க்குச் செல்லுதல் வேண்டுமென வற்புறுத்தினோம். வழிகாட்டியாக வந்த இளைஞர், "இன்று இளைப்பாறுங்கள், ஐயா" என்று இருமுறை கூறினார். நாம் கேட்டிலோம். நம் நாட்டிலே மிக உயர்ந்த பீதுருதாலகாலை மலையின் உச்சி 2,524 மீற்றர். பாரோப் பள்ளத்தாக்கே ஏறத்தாழ 2,200 மீற்றர் உயரத்திலுள்ளது. செலே லாவோ 4,000 மீற்றருக்குச் சிறிதே குறைந்தது. காலையிலே கடல்மட்டத்தில் நின்ற இரு முதியவர் மாலையில் அங்கு நின்றனர். நண்பருக்கு முதலில் தலைவலி, பின்னர்க் குமட்டல், பின்னர் நடை தள்ளாடியது. எம் உற்சாகத்தைக் கெடுக்க விரும்பாது வழிநெடுக அவர் வாய்திறந்திலர். கொடிகள் பறக்கும் அக்கணவாயை நாம் படம் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவர் முகத்தை நோக்கியவர் வழிகாட்டியே. "இறங்குதலே மருந்து" என்று கூறி, உடனே வண்டியைத் திருப்புவித்தார்.

அன்றிரவு நண்பரின் கட்டிலருகே விழித்திருந்தோம். நள்ளிரவின் பின் வலி தணிந்தது. அவர் கண்விழித்து எம்மை நோக்கி, "மச்சான், உன்ரை அட்டவணையிலை நானும் இருந்தனானோ?" என்று கேட்டார். கோபமின்றிக் கேட்டார். ஆயினும் எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. விடியுமுன் அவ்வட்டவணையை எடுத்துப் பும்தாங்கை வெட்டினோம்; வேறு பலவற்றையும் வெட்டினோம்.

ஆதலின் நாம் கூறும் முதல் அறிவுரை இதுவே. 2,500 மீற்றருக்கு மேற்பட்ட உயரம் எவரையும் வருத்தக்கூடும். இளமையும் உடற்பலமும் அதற்குக் காப்பாகா. முதல் இரு நாட்களும் மெல்ல நடமின், நீர் மிகுதியாகப் பருகுமின், மதுவை விலக்குமின். தலைவலியும் குமட்டலும் தோன்றின் மேலே ஏறாதீர். குறையாவிடின் தாமதியாது இறங்குமின். இரத்த அழுத்தமோ இருதய நோயோ உடையவர் புறப்படுமுன் வைத்தியரைக் காணுதல் கடன். உடன் வருபவர் வாய்திறவாராயின், நீவிரே கேளுமின்.

நண்பர் ஒருநாள் முழுதும் ஓய்வுகொண்டு தேறிய பின்னர்ப் புனாக்கா சென்றோம். அது 1,250 மீற்றர் அளவிலுள்ள இதமான பள்ளத்தாக்கு. வழியிலே தோச்சு லா என்னும் கணவாய் 3,100 மீற்றர் உயரமுடையது. அங்குள்ள 108 தூபிகளையும் வண்டியிலிருந்தே கண்டு இறங்கினோம். மலைப்பாதை வளைந்து வளைந்து செல்லுமாதலின், தூரத்தைக் கொண்டு நேரத்தைக் கணித்தல் ஏமாற்றமே தரும். புனாக்காவிலே இரு நதிகள் கூடுமிடத்தில், 1637ஆம் ஆண்டளவில் நவாங் நம்கியால் என்னும் பெரியார் கட்டுவித்த கோட்டைமடம் நிற்கின்றது. இரண்டு நாளும் அதனையே பார்த்தோம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. சலிக்கவில்லை.

இக்கோட்டைமடங்களுக்குச் செல்வோர் முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிதல் வேண்டும். தொப்பியைக் கழற்றுதல் வேண்டும். சந்நிதிகளினுள்ளே பாதணியும் ஆகாது, படம்பிடித்தலும் ஆகாது. தூபிகளை வலமாகவே சுற்றுதல் மரபு. கோயில் வீதியை வலம்வந்து பழகிய நமக்கு இவற்றைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

உணவைப் பற்றியும் ஒரு சொல். அங்கு மிளகாய் சரக்கன்று, கறியே மிளகாய். பாற்கட்டியுடன் மிளகாயைச் சமைக்கும் 'எமா தட்சி' அந்நாட்டின் பெருமை. யாழ்ப்பாணத்துத் தூளை உண்டு வளர்ந்த நாக்கு எம்முடையது என்ற செருக்கு இரண்டாம் கவளத்தோடு அடங்கிற்று. சைவ உணவினர் அஞ்சவேண்டா. உருளைக்கிழங்கையும் அவ்வாறே பாற்கட்டியுடன் சமைக்கின்றனர். சிவப்பரிசிச் சோறு நம் சோற்றை நினைவூட்டும்.

மகிழ்ச்சியையே நாட்டின் அளவுகோலாகக் கொண்ட நாடு எனப் பூட்டானை உலகம் போற்றுகின்றது. நான்காம் அரசர் 1970களிற் கூறிய கொள்கை அது. செல்வோர் மற்றொன்றையும் படித்தறிந்து செல்லுதல் முறை. 1990ஆம் ஆண்டளவில் தென்பூட்டானிலே வாழ்ந்த நேபாளி மொழியினர், பெரும்பாலும் இந்துக்கள், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நாட்டைவிட்டு நீங்கினர். நேபாளத்து முகாம்களிலே பல்லாண்டு கிடந்தபின், 2008 முதல் அவருட் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளிற் குடியேறினர். முகாம் என்னும் சொல்லின் பொருளை நாம் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. இதனைப் பற்றி வழிகாட்டியை வினாவி அவரைச் சங்கடப்படுத்துதல் நன்றன்று. அறிந்து செல்லுதலே போதும். அறிந்தவன் எந்நாட்டையும் சுவர்க்கம் என்று சொல்லான்.

இறுதியாகத் தக்சாங். 'புலிக்குகை' எனப்படும் அம்மடம் பாரோவின் மேல் 3,120 மீற்றர் உயரத்திலே, செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டிருப்பது. 1692ஆம் ஆண்டிற் கட்டப்பட்டு, 1998ஆம் ஆண்டு தீக்கிரையாகி, மீண்டும் எழுந்தது. அதனை இறுதி நாட்களுக்கு வைத்தல் நன்று. அதற்குள் உடல் உயரத்திற்குப் பழகிவிடும். நாம் ஆறாம் நாட் காலையில் ஏறினோம். பாதிவழியிலே தேநீர்ச்சாலை ஒன்றுண்டு. அங்கு நண்பர் அமர்ந்தார். "எனக்கு இவ்வளவு போதும். நீ போய்ப் பார்த்திட்டு வா" என்றார். முன்னர் எனின் போயிருப்போம். அவரருகே அமர்ந்து தேநீர் வருவித்தோம். எதிர்ப்பாறையில் மேகம் விலகும்போதெல்லாம் மடம் தோன்றிற்று, மூடும்போது மறைந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக விடுதிக் கதைகளைப் பேசிக்கொண்டிருந்துவிட்டு இறங்கினோம்.

தக்சாங்கின் உள்ளே என்ன இருக்கிறதென்று எம்மை வினாவாதீர், நாம் கண்டிலோம். செல்லவிருக்கும் இளைஞர் கண்டுவந்து இம்மலரின் அடுத்த இதழில் எழுதுவாராக. அட்டவணை ஒன்று எழுதிக்கொண்டு செல்லுமின். அதிற் பாதியை வெட்டுதற்கு ஒரு பென்சிலும் கொண்டு செல்லுமின். முதல் வரியிலே உடன் வருபவரின் பெயரை எழுத மறவாதீர்.